4.18-க்குப் போன வண்டி, 7.30-க்குத்தான் தெரிந்தது: குலசேகரம் பகுதியில் ஒரு பைக் கண்காணிப்புக் கருவித் தேர்வு

2024 ஆகஸ்டு மாதம், மழை சற்று விட்டிருந்த ஒரு விடியற்காலை. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து அருமனை போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டம். பால்வெட்டுக்குப் போன அண்ணன் ஒருவர், வழக்கம்போல 3.45-க்குத் தன் 125 சிசி பைக்கைச் சாலையோரம் நிறுத்தினார். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, மழைக்காப்பு போட்ட மரங்களுக்குள் இறங்கினார். வெட்டு முடிந்து, சிரட்டையில் பால் நிறையும் இடைவேளையில் ஒரு சாயா குடிக்கலாம் என்று 7.30-க்கு வெளியே வந்தபோது, நனைந்த மண்ணில் டயர்த் தடம் மட்டும் கிடந்தது.

7.40-க்கு என் போன் அடித்தது. "மக்கா, வண்டியக் காணல்ல. நீ வச்ச மிஷின் என்ன சொல்லுதுன்னு பாரு."

தக்கலையில் இருசக்கர வாகன வயரிங் வேலை செய்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் அந்த வண்டியில் ஜி.பி.எஸ். கருவியைப் பூட்டியவன் நான்தான். கடையில் கிடைத்ததில் விலை குறைவானதைப் பார்த்து வாங்கி, சீட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டேன். அன்று செயலியைத் திறந்தால், வண்டி 4.18-க்கு நகரத் தொடங்கியிருந்தது. அருமனை தாண்டி, கேரள எல்லையிலுள்ள பனச்சமூடு நோக்கிப் போய், 4.52-க்குக் கடைசிப் புள்ளி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த வண்டி இன்றுவரை கிடைக்கவில்லை.

அடுத்த வண்டிக்கு என்ன கருவி வைப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தில் என்னவெல்லாம் பார்த்தோம், எது தவறியது என்பதை முழுதாக எழுதுகிறேன். கேரள எல்லையை ஒட்டி வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

முதல் கருவி ஏன் தோற்றது

எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "கள்ளன் பிடுங்கிப் போட்டிருப்பான்." எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மின் இணைப்பை வெட்டினால் அந்தக் கருவி 'மின்சாரம் துண்டிப்பு' என்று ஒரு தகவல் அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன லித்தியம் பேட்டரி அதற்காகத்தான். அந்தத் தகவல் வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஓட்டம் நிற்காமலே வரைபடத்திலிருந்து மறைந்திருக்கிறது.

இது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதே மாதிரிக் கருவி இன்னொன்றை என் சொந்த வண்டியில் பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்திலிருந்து பனச்சமூடு வழியாகக் கேரளத்து வெள்ளறடை வரை ஓட்டிப் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து வந்த என் தங்கை மகன் போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே வந்தான். பனச்சமூடு சந்திப்புக்கு அரை கிலோமீட்டர் முன்பே புள்ளி நின்றுவிட்டது. வெள்ளறடையில் கால் மணி நேரம் நின்றோம், அசைவில்லை. திரும்பி அருமனை வந்ததும் புள்ளி மறுபடி நடக்கத் தொடங்கியது.

காரணம் வானத்தில் இல்லை, சிம்மில் இருந்தது. இதைப் புரிந்துகொள்ள ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞையைக் கருவி கேட்கிறது, அவ்வளவுதான். அதைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கணக்கிட்டதை நமக்குச் சொல்ல அதற்கு ஒரு மொபைல் நெட்வொர்க் வேண்டும். தொலைத்தொடர்பில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் வேறொரு வட்டம். ஒரே நிறுவனத்தின் சிம்மாக இருந்தாலும், கேரள டவரில் போய் ஒட்டும்போது அது ரோமிங்தான். நம் போனில் இது தெரியாமலே நடந்துவிடுகிறது. அந்தக் கருவியில் ரோமிங் டேட்டா அணைக்கப்பட்டிருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கத்து டவர் வலுவாக அடித்தால் போதும், கருவி ஊமையாகிவிடும். ஊமையாக இருந்த நேரத்துப் புள்ளிகளைச் சேமித்து வைத்துப் பின்னால் அனுப்பும் வசதியும் அதில் இல்லை.

சென்னையிலோ மதுரையிலோ வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் குறை ஆயுளுக்கும் தெரியவராது. நம் மாவட்டத்தில் களியக்காவிளை ஒன்றுதான் எல்லை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பனச்சமூடு போல ஊர்ச்சாலைகள் பல இருக்கின்றன, சோதனைச்சாவடி வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கள்ளனுக்கும் கிடையாது.

ரோமிங்கைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறொரு கணக்கு. வண்டி நகர்ந்தது 4.18-க்கு. உடையவருக்குத் தெரிந்தது 7.30-க்கு. மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். இடையில் கருவி தன் கடமையைச் செய்திருந்தது: 'வண்டி எல்லைவட்டத்தைத் தாண்டியது' (வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றிச் செயலியில் போட்டு வைக்கும் வட்டம் அது) என்று 4.19-க்கு அண்ணனின் மகன் போனுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான், போன் சைலண்டில் இருந்தது. புள்ளி எத்தனை மீட்டர் துல்லியம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். வண்டி போனது எத்தனை நிமிடத்தில் நமக்குத் தெரியும் என்பதை யாரும் போடுவதில்லை. வண்டி திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் அந்த நிமிடங்களைப் பொறுத்தது.

காப்பீடு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் முதல் மூன்று நாள் தானே தேடி அலைந்தார், அதற்குப் பிறகுதான் காவல் நிலையம் போனார். அது பெரிய தவறு. முதல் தகவல் அறிக்கை அன்றைக்கே வாங்கியிருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி உரிமைகோரலைத் தள்ளக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அது, காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்தவருக்குத்தான் துணை நிற்கும். காப்பீட்டுக்காரர்கள் வண்டியின் இரண்டு சாவிகளையும் கேட்டார்கள், ஒன்று எப்போதோ தொலைந்திருந்தது. வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வந்து, பணம் கிடைத்து, அதில் வங்கிக் கடன் பாக்கி போக, கையில் மிஞ்சியது அடுத்த வண்டியின் முன்பணத்துக்குக்கூடப் போதவில்லை.

கருவி வைத்தால் காப்பீட்டுத் தவணை குறையும் என்று விற்பனையாளர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு மட்டும்தான் பழைய கட்டண விதிப்படி சொந்தச் சேதத் தவணையில் (நம் வண்டிக்கு வரும் இழப்புக்கான பங்கு) 2.5 சதவீதச் சலுகை, அதுவும் 500 ரூபாய்க்கு மேல் போகாது. பைக்குக்கு அது சில்லறைக் காசு. அதேபோல 'ஏ.ஐ.எஸ். 140 முத்திரை உள்ளது' என்கிறார்களே, அந்தக் கண்காணிப்புக் கருவித் தரமும் பஸ், டாக்ஸி போன்ற பொதுப் போக்குவரத்துக்கான விதி, இருசக்கர வாகனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எங்கள் முன் இருந்த வழிகள்

வெளிநாட்டில் இந்த வேலைக்கென்றே ஒரு முறை இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986-இல் தொடங்கிய லோஜாக். வண்டிக்குள் ஒளித்து வைத்த பெட்டி, திருட்டுப் புகார் பதிவானதும் 173.075 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமிக்ஞை விடும். போலீஸ் காரில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்துத் திசை காட்டும். மோட்டார் சைக்கிளுக்கும் அது வந்தது. மூடிய கொட்டகைக்குள் வண்டி இருந்தாலும் அந்த அலை வெளியே வந்துவிடும் என்பது அதன் பலம். ஆனால் போலீஸ் வண்டியில் ரிசீவர் இருந்தால்தான் அது முறை, இல்லாவிட்டால் வெறும் பெட்டி. நம்மிடம் அந்த ஏற்பாடு கிடையாது. இங்கே புள்ளியைப் பார்ப்பது வண்டிக்காரர், ஓடுவது காவலர், நடுவில் ஒரு போன் அழைப்பு. அதனால் எங்கள் தேர்வும் அந்த அழைப்பை எப்படிச் சீக்கிரமாக்குவது என்பதிலேயே நின்றது.

சாவிக்கொத்தில் மாட்டினால் தொலைந்த சாவியைக் காட்டிக்கொடுக்கும் சின்ன புளூடூத் வில்லைகளை மகன் ஆசையாகச் சொன்னான். காசு குறைவு, வயரிங் கிடையாது, ஒரு சின்ன வட்ட பேட்டரியில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். அதற்குச் சொந்தமாக நெட்வொர்க் இல்லை, பக்கத்தில் போகிற மற்றவர்களின் போன்தான் அதன் வாய். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் வைத்துப் பார்த்தோம், நிமிடத்துக்கு நிமிடம் இடம் காட்டியது. தோட்டத்து ஓரத்தில் வைத்தோம், காலை நாலு முதல் ஏழு வரை ஒரு முறைகூடப் பேசவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சாலையில் யார் போகிறார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, 'உன்னோடு ஒரு வில்லை வருகிறது' என்று கள்ளனின் போனுக்கே அது எச்சரிக்கை கொடுத்துவிடும். அது மக்களின் பாதுகாப்புக்கான நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். நாகர்கோவில் டவுனுக்குள்ளேயே வண்டி ஓட்டுபவருக்கு இந்த வில்லையும் உதவும். இந்த அண்ணனுக்கு உதவாது.

எஞ்சியது சிம் போட்ட கருவி. அதில் 2ஜி மட்டும் பேசுவதா, 4ஜி பேசுவதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது, ஆகவே 2ஜி கருவி வாங்கினால் அந்த டவர்கள் நமக்கு இல்லை. நாங்கள் மூன்று நிறுவன சிம் போட்ட போன்களை எடுத்துக்கொண்டு, வண்டி நிற்கும் அதே இடத்தில், அதே விடியற்காலையில் சிக்னல் பார்த்தோம். மலையை ஒட்டிய இடங்களில் நூறு மீட்டருக்கு ஒரு கதை. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, ஆனால் கருவி வாங்க வருபவர்களில் இதைச் செய்துவிட்டு வந்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கடைசியில் 4ஜி பேசி, அது கிடைக்காத இடத்தில் 2ஜிக்கு இறங்கும் கருவியை எடுத்தோம். ரோமிங் திறந்திருக்க வேண்டும், நெட்வொர்க் இல்லாத நேரத்துப் புள்ளிகளைச் சேமிக்க வேண்டும் என்ற இரண்டையும் விற்பனையாளரிடம் எழுதி வாங்கினேன். எழுதிக் கொடுக்க மறுத்த இரண்டு பேரை விட்டுவிட்டோம்.

'போனிலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம்' என்ற ரிலே வசதியை நான் வைக்கவில்லை. அண்ணனுக்கு அது பிடித்திருந்தது, ஒரு வாரம் வாதாடினோம். ஓடுகிற வண்டியை வளைவில் அணைத்தால் ஓட்டுபவன் விழுவான். கள்ளன் என்றாலும் உயிர் உயிர்தான், பின்னால் வருகிற லாரிக்காரனுக்கும் அது வினை. அதோடு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதிய புகை விதி) வண்டிகளில் பற்றவைப்பு வயரை வெட்டி ரிலே கோர்த்தால் உத்தரவாதம் போகும் வாய்ப்பு உண்டு. ஒரு நாள் ரிலே பழுதானால் விடியற்காலை மூன்றரைக்கு அண்ணன்தான் நடுவழியில் நிற்பார். அந்தக் காசுக்கு ஒரு தடித்த சங்கிலியும் பூட்டும் வாங்கச் சொன்னேன். வாங்கினார்.

பேட்டரிக் கணக்கு

பழைய கருவி சாவி அணைந்திருக்கும்போதும் 42 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது, மல்ட்டிமீட்டரில் அளந்தேன். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. வண்டியின் பேட்டரி மொத்தமே 4 ஆம்பியர்-மணி. நாலு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி செத்துவிடும், இரண்டாம் நாளே செல்ஃப் எடுக்காது. ரப்பர் இலை உதிரும் பருவத்தில் வெட்டு நிற்கும், வண்டி சும்மா நிற்கும். போன வருடம் அப்படித்தான் இரண்டு முறை பேட்டரி இறங்கி, அண்ணன் என்னைத் திட்டிவிட்டுப் போனார். புதிய கருவி அசைவில்லாதபோது தூங்குகிறது. 4 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது, நாளைக்கு 0.1 ஆம்பியர்-மணி. ஒரு வாரம் நின்றாலும் பயமில்லை.

இதே கணக்கு வேறொருவருக்கு வேறு விடை தரும். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் ஒருவர், தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் பைக்கை விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வருவார். தூங்கும் கருவியே என்றாலும் 30 நாளில் 3 ஆம்பியர்-மணி போய்விடும். உப்புக்காற்றில் வயர் இணைப்பெல்லாம் பச்சை பிடிக்கும். அவருக்கு வண்டி பேட்டரியைத் தொடாத, தனக்கென்று பேட்டரி உள்ள, நாளுக்கு இரண்டு முறை மட்டும் விழித்து இடம் சொல்லும் கருவியைத்தான் வைத்துக்கொடுத்தேன். அது உடனே எச்சரிக்காது. கடலுக்குள் இருக்கும் மனிதருக்கு உடனே எச்சரித்தும் பயனில்லை. வீட்டில் மைனி (அவர் மனைவி) காலையிலும் மாலையிலும் பார்த்துக்கொள்கிறார்.

அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் பால்வெட்டு அண்ணனுக்கும் வழி தோன்றியது. இரண்டும் வைத்தால் என்ன? ஒன்று எழுப்புவதற்கு, ஒன்று தேடுவதற்கு.

பூட்டியதும், பிறகு வந்த தொல்லையும்

2025 ஜனவரியில் புது வண்டியில் இரண்டையும் பூட்டினேன். வயர் கருவி இம்முறை சீட்டுக்கு அடியில் இல்லை. கள்ளன் கை முதலில் போகும் இடம் அது. பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் வைத்தால் வானம் தெரியும், இரும்பு டேங்குக்கு அடியில் வைத்தால் தெரியாது. வண்டியின் சொந்த வயர்க்கட்டில் சுற்றிய அதே கறுப்பு டேப்பால் சுற்றி, பேட்டரி வயரில் சின்ன பியூஸ் ஒன்று கோர்த்தேன். இரண்டாவது கருவியின் இடத்தை இங்கே எழுதப்போவதில்லை.

எச்சரிக்கை இனி அறிவிப்பாக வராது, அழைப்பாக வரும். வண்டி அதிர்ந்தால் நிறுவனத்தின் சர்வர் அண்ணனின் போனையே கூப்பிடும். இங்கேதான் எதிர்பாராத தொல்லை. முதல் மாதத்தில் பதினேழு பொய் அழைப்புகள். மாடு உரசியது, காற்றில் கிளை விழுந்தது, லாரி போன அதிர்வு. மரத்தின் கீழ் ஜி.பி.எஸ். புள்ளி தானாகவே ஐம்பது அறுபது மீட்டர் அலைந்து, 50 மீட்டர் எல்லைவட்டத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னது. ஈர இலைகள் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், அதனால் மழை நாளில் அலைச்சல் இன்னும் கூடுதல். ஒவ்வொரு முறையும் வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்த மனிதர், ஒரு நாள் கோபத்தில், "இத அணைச்சுப் போடு மக்கா, எனக்கு வேல நடக்கல்ல" என்றார்.

அணைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். அடிக்கடி பொய் சொல்லும் கருவியை ஒரு மனிதன் நம்பாமல் போவதில் எந்தத் தப்பும் இல்லை. எல்லைவட்டத்தை 200 மீட்டராக்கினேன். ஒரு அதிர்வுக்கு அழைக்காமல், பத்து வினாடி தொடர்ந்து அசைந்தால் மட்டும் அழைக்கும்படி மாற்றினேன். அதன் பிறகு ஜூன் வரை மூன்றே பொய் அழைப்புகள்.

ஜூன்

2025 ஜூனில் ஒரு விடியற்காலை 4.11-க்கு அழைப்பு வந்தது. அண்ணன் வரப்புகளைத் தாண்டிச் சாலைக்கு வர ஆறு நிமிடம். வண்டி இல்லை. சங்கிலியை அன்று போட்டிருக்கவில்லை, மழை தூறியதால் அவசரமாக இறங்கிவிட்டார். 4.19-க்கு மகனை எழுப்பினார். மகன் செயலியைப் பார்த்துக்கொண்டே 112-க்குச் சொன்னான், காவல் நிலையத்துக்கும் சொன்னான். பதிவுச்சான்று நகல், சேஸ் எண், எஞ்சின் எண் எல்லாம் முன்பே ஒரு கவரில் வைத்திருந்தோம். புள்ளி இருந்த இடத்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன், நல்லவேளை அவர்கள் போகவில்லை.

4.38-க்குப் புள்ளி நின்றது. 4.41-க்கு 'மின்சாரம் துண்டிப்பு' வந்தது. பிறகு அமைதி. கறுப்பு டேப்புக்கு நடுவிலும் கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டார்கள். போன வருடம் இந்த இடத்தோடு நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். இம்முறை ஆறு மணி வரை காத்திருக்க ஒரு காரணம் இருந்தது.

6.04-க்கு இரண்டாவது கருவி விழித்தது. பனச்சமூடு தாண்டி, கேரளத்துக்குள் மூன்று கிலோமீட்டரில் ஒரு புள்ளி. ரோமிங் வேலை செய்தது. நம் காவல் நிலையத்திலிருந்து அந்தப் பக்கத்து நிலையத்துக்குப் பேசி, இரண்டு காவலர்களோடு அண்ணனும் நானும் போய்ச் சேர 9.30 ஆகிவிட்டது. புள்ளி காட்டிய தோட்டத்தில் வண்டி இல்லை. ஒரு மணி நேரம் தேடினோம். மரங்களுக்கு நடுவே புள்ளி அறுபது மீட்டர் தள்ளி விழுந்திருந்தது. பக்கத்து வாழைத்தோட்டத்துக் கொட்டகையின் பின்னால், ஓலை போட்டு மூடி, நம்பர் பிளேட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். காவலர் சேஸ் எண்ணைத் துடைத்துப் படிக்க, அண்ணன் கையிலிருந்த நகலைப் பார்த்து எண் எண்ணாகச் சொன்னார்.

வண்டி கண்முன் கிடைத்ததும் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அது வழக்குச் சொத்து, நீதிமன்ற உத்தரவு வேண்டும். வழக்கு முடியும்வரை வாகனங்களைக் காவல் நிலையத்தில் மழையில் போட்டு வைக்கக் கூடாது, படமெடுத்து, பிணை வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளில் மனு போடுகிறார்கள். எங்களுக்கு 23 நாள் பிடித்தது. அந்த நாட்களில் அண்ணன் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டிலிருந்து நடந்தே தோட்டத்துக்குப் போனார்.

வண்டி வந்ததும் வயர் கருவியைப் புதிதாக வாங்கினோம், இடத்தை மாற்றினோம். சிம் காலாவதியாகும் தேதியை மகன் வீட்டு நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறான். சங்கிலி இப்போது மழையிலும் போடப்படுகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்ததும் அண்ணன் பனச்சமூடு தாண்டி ஒரு சாயா குடித்துவிட்டு வருவார். அன்று மதியம் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வரும்: வெள்ளறடை பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி, கீழே அன்றைய தேதி.